சிவப்பைக் காப்பாற்றுதல்: இலையுதிர்காலப் படங்களை எடுப்பதும் திருத்துவதும்

செப்டெம்பர் இறுதியில் ஒன்ராறியோவில் நன்றாகச் சிவந்த ஒரு சர்க்கரை மேப்பிள் மரத்தின் முன் நிற்பவருக்கு, இதைப் படமெடுக்கத் திறமை எதுவும் வேண்டியதில்லை என்றே தோன்றும். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்க்கும்போதுதான், மரத்தின் இடத்தில் நரம்போ விளிம்போ தெரியாத ஒரு சிவப்புப் பூச்சும், அதன் பின்னால் வெளிறிய வானமும் இருப்பது புலப்படும். என்னுடைய முதல் இரண்டு ஆண்டுப் படங்களும் அப்படித்தான் இருந்தன. அந்த நிறம் இரண்டு இடங்களில் அழிகிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். படமெடுக்கும்போது கமரா சிவப்பை எரித்துவிடுகிறது. அதில் தப்பியதைத் திருத்தும் மேசையில் நாமே எரித்துவிடுகிறோம். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரத்தில் சென்றடையக்கூடிய அல்கொன்குவின் பூங்காவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த இரண்டு இடங்களிலும் நிறத்தைக் காப்பாற்றும் வழிகளை இங்கே விளக்குகிறேன்.

எப்போது போவது

நம் ஊரில் இலை உதிர்வது மாசி, பங்குனியில்; அதுவும் பெரும்பாலும் மஞ்சளாகிக் காய்ந்து, ஆரவாரமின்றி உதிரும். இங்கே நடப்பது வேறு. நாள் குறுகிக் குளிர் கூடும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது; அதுவரை அதனடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் வெளிப்படுகின்றன. மேப்பிளின் சிவப்போ மறைந்திருந்த நிறமன்று. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அந்த வாரங்களில் புதிதாக உண்டாக்கும் அந்தோசயனின் அது. வெயிலான பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு ஆழமாகும். மழையும் மேகமுமாகக் கழிந்த ஆண்டில் மஞ்சளே மிஞ்சும். ஆகவே, சென்ற ஆண்டு இன்ன நாளில் மரங்கள் சிவந்திருந்தன என்பதை மட்டும் நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

நம்மவர்கள் பலர் செய்யும் தவறு, ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் தாங்ஸ்கிவிங் நீள் வாரவிடுமுறைக்கு அல்கொன்குவின் செல்வது. அங்குள்ள சர்க்கரை மேப்பிள்கள் பொதுவாகச் செப்டெம்பர் கடைசி வாரத்தை ஒட்டியே உச்சத்தை அடைகின்றன. நீள் விடுமுறைக்குள் பல மரங்கள் இலைகளைக் கொட்டிவிடும். அப்போது அங்கே காணக்கிடைப்பது பாப்லர், பிர்ச் மரங்களின் மஞ்சள். அதுவும் அழகுதான், ஆனால் சிவப்பைத் தேடிப் போனவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு, ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்க்கும் டாமராக் பொன்னிறமாகிச் சதுப்பு நிலங்களை நிரப்பும். நீள் விடுமுறை மட்டுமே கையில் உள்ளவர்கள் வடக்கே போகாமல் ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் பூங்காவில் தங்கள் நேரத்தைச் செலவிடலாம். 2015இல் கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக அமைந்த அவ்விடம் தெற்கே, ஏரிக்கு அருகே இருப்பதால் நிறமும் அங்கே தாமதித்தே வருகிறது. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் நிர்வாகம் பருவம் முழுவதும் பூங்கா வாரியாக நிறமாற்ற அறிக்கையை இணையத்தில் வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பார்ப்பது நன்று. அல்கொன்குவினுக்கான வாகன அனுமதியையும் முன்கூட்டியே இணையத்தில் பெற்றுவிட வேண்டும், ஏனெனில் இலையுதிர்கால வார இறுதிகளில் வாயிலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிச் சென்றவர்கள் திரும்பி வர நேர்ந்திருக்கிறது.

பூங்காவினூடாக 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. மேற்கு வாயிலிலிருந்தே தூரம் கணக்கிடப்படுகிறது. 14ஆவது கிலோமீற்றரை நெருங்கும்போது வரும் ஹார்ட்வுட் லுக்அவுட் சிறிய நடைபாதை. மேப்பிள் காட்டின் உட்புறத்தைப் படமெடுக்க ஏற்றது. 40ஆவது கிலோமீற்றருக்குச் சற்று முன்னுள்ள லுக்அவுட் டிரெயில் செங்குத்தான ஏற்றம் கொண்டது. மேலே பாறை விளிம்பில் நின்றால் நிறம் மாறிய காடு காலடியில் விரிந்து கிடக்கும். 46ஆவது கிலோமீற்றரில் பிரியும் ஒபியாங்கோ சாலையிலுள்ள கோஸ்டெல்லோ ஓடையை நான் விடியற்காலைக்கென்றே ஒதுக்கி வைப்பேன்.

ஒளி

நீல வானமும் நண்பகல் வெயிலும் உள்ள நாளே நல்ல நாள் என்று எண்ணுவது இயல்பு. இலைக்கு அது நல்ல நாளன்று. மேப்பிள் இலையின் மேற்பரப்பு மெழுகு பூசியது போன்றது. உச்சி வெயிலில் ஒவ்வோர் இலையும் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளைப் புள்ளியாகிவிடும். மெல்லிய மேகம் மூடிய நாளில், குறிப்பாக மழை விட்ட அரை மணி நேரத்தில், அடிமரங்கள் நனைந்து கறுத்திருக்க இலைகள் மட்டும் நிறத்தோடு நிற்கும். அத்தகைய நாளில் செய்ய வேண்டியது ஒன்றே: வெளிறிய வானத்தைச் சட்டகத்துக்குள் விடாதீர்கள். கமராவைச் சற்றுத் தாழ்த்திக் காட்டையும் நீரையும் மட்டும் எடுங்கள்.

வெயில் அடித்தால் நீங்கள் நிற்கும் பக்கத்தை மாற்றுங்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்த மரம் தட்டையாகத் தெரியும். அதே மரத்தைச் சுற்றி மறுபுறம் சென்று, சூரியன் இலைகளின் பின்னால் இருக்குமாறு நின்று பார்த்தால், ஒளி இலையை ஊடுருவி நரம்புகளைக் காட்டும். சூரியனை ஓர் அடிமரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டால் லென்ஸில் ஒளிச்சிதறலும் வராது.

விடியற்காலைப் பனிமூட்டம் இந்தப் பருவத்துக்கே உரிய கொடை. கோடை முழுவதும் சூடேறிய ஏரி நீர் இன்னும் குளிர்ந்திருக்காது. தெளிந்த இரவில் அதன் மேலுள்ள காற்று சட்டெனக் குளிரும்போது நீர்ப்பரப்பிலிருந்து பனிமூட்டம் எழும். செப்டெம்பர் இறுதியில் அங்கே சூரியன் காலை 7 மணியைச் சற்றுக் கடந்து உதிக்கும். நான் அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுவேன். சூரியன் மரங்களுக்கு மேல் ஏறியபின் மூட்டம் விரைவில் கலைந்துவிடுவதால், தாமதித்து வந்தவருக்கு வெறும் ஏரிதான் கிடைக்கும். அதே வாரங்கள் மூஸ் மான்களின் இணைசேரும் பருவமுமாகும். சாலையோரத்தில் ஒன்று நின்றால் வண்டியருகிலேயே நின்று நீண்ட லென்ஸால் எடுங்கள், நெருங்காதீர்கள்.

கமராவைச் சரிசெய்தல்

சிவப்பு எப்படி எரிகிறது என்பதை அறிந்துகொண்டால் அமைப்புகள் தாமாக விளங்கும். கமராவின் பின்திரையில் தோன்றும் ஒற்றை ஹிஸ்டோகிராம் (இருளிலிருந்து வெளிச்சம் வரை ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறங்களையும் சேர்த்துக் காட்டுவது. அதில் பச்சைக்கே அதிக எடை. ஆகவே, சிவப்பு முற்றாக நிரம்பி விவரங்களை இழந்த பின்னும் அந்த வரைபடம் எல்லாம் சரியென்றே காட்டக்கூடும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்குங்கள். சிவப்பு வரைபடம் வலது சுவரில் முட்டினால், முட்டாத நிலை வரும்வரை எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, குறைத்துக்கொண்டே வாருங்கள். வெயிலில் நிற்கும் மேப்பிளுக்கு மூன்றிலொரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) வரை குறைத்தால் பெரும்பாலும் போதும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. கமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் நீங்கள் எடுத்தாலும், கமரா ஹிஸ்டோகிராமை வரைவது தன் ஜேபெக் முன்னோட்டத்தைக் கொண்டுதான். நிறங்களைப் பளிச்சிட வைக்கும் விவிட் போன்ற பாணியில் கமரா இருந்தால் அது பொய்யாக எச்சரிக்கும். நியூட்ரல் பாணிக்கு மாற்றிவிட்டால் திரை சற்று மங்கலாகத் தோன்றினாலும் தகவல் நம்பத்தக்கதாக இருக்கும்.

ஒளியின் சாயலுக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். சட்டகம் முழுவதும் செம்மஞ்சளாக இருப்பதைக் காணும் கமரா, அது விளக்கொளியின் குறை என்று எண்ணி நீலத்தைக் கூட்டும். வெயிலுக்கு டேலைட், மேகத்துக்குக் கிளவுடி என்று நாமே அமைத்துவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறாது. பின்னர் திருத்தும்போது பல படங்களை ஒன்றாகக் கையாளவும் எளிது.

இந்தப் பருவத்துக்கென ஒரு பொருளை மட்டும் வாங்கலாமென்றால் லென்ஸின் முன் பொருத்தித் திருப்பும் வடிகட்டியான போலரைசரை வாங்குங்கள். இலையின் மேல் படிந்த வானத்தின் பளபளப்பை அது நீக்குகிறது. அந்தப் பளபளப்பு போனதும் அடியிலிருந்த நிறம் வெளிப்படும். எந்த மென்பொருளாலும் இதைப் பின்னர் செய்ய முடியாது, ஏனென்றால் வெள்ளையாகப் பதிவான இலையில் மீட்பதற்கு நிறமே இருக்காது. மேகமூட்டமான நாளில் அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. உண்மையில் அன்றைக்குத்தான் நனைந்த இலைகளுக்கு அது அதிகம் பயன்படும். அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியை உண்ணும் என்பதையும், மிக அகன்ற லென்ஸில் வானத்தின் ஒரு பகுதியை மட்டும் கருநீலமாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஏரியில் விழும் மரங்களின் பிரதிபலிப்பை எடுக்கும்போது வளையத்தை இறுதிவரை திருப்பினால் பிரதிபலிப்பே மறைந்துவிடும். கண்ணால் பார்த்தபடி பாதியில் நிறுத்துங்கள்.

காட்சி முழுவதும் தெளிவாக வேண்டுமெனில் லென்ஸின் துளை அளவு எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். காற்றில் ஆடும் இலைகளை உறையவைக்க விநாடியில் 250இல் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ தேவை. அதற்காகக் கமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 800 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். ஓடையை மென்மையாகக் காட்ட விரும்புவோர் முக்காலியில் வைத்துக் கால் முதல் ஒரு விநாடி வரை திறக்கலாம். கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள், மிகப் பிரகாசமான இலைமீது விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டு எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. குளிரில் பற்றரி விரைவில் தளரும் என்பதால் இன்னொன்றைச் சட்டையின் உட்பையில் வைத்திருங்கள். திரும்பிச் சூடான வண்டிக்குள் ஏறுமுன் கமராவைப் பைக்குள் மூடிவிடுங்கள்; இல்லையேல் லென்ஸில் ஈரம் படியும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவரலாம், மாகாணப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

சட்டகத்துக்குள் என்ன வைப்பது

அகன்ற லென்ஸில் ஒரு மலைச்சரிவு முழுவதையும் அடக்கினால் ஒவ்வொரு மரமும் மிளகாய்த்தூள் சிதறியது போல் சிறு புள்ளியாகிவிடும். 70–200 மில்லிமீற்றர் லென்ஸை எடுத்து, சரிவில் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுங்கள்: கரும்பச்சைப் பைன்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மேப்பிள், அல்லது சாம்பல் நிறப் பாறைக்கு மேலே சாய்ந்த ஒரு கிளை. எல்லாமே சிவந்திருக்கும் இடத்தில் சிவப்பு தன்னைக் காட்டிக்கொள்ள முடியாது; அதனருகே கறுப்போ பச்சையோ நீலமோ இருக்க வேண்டும். இதைப் புத்தகத்தைவிட ஓவியத்திடம் கற்பது எளிது. 1912 தொடங்கி அல்கொன்குவினில் வரைந்து, 1917இல் அங்குள்ள கெனோ ஏரியிலேயே மூழ்கி இறந்த கனடிய ஓவியர் ரொம் தொம்சனின் சிறு பலகை ஓவியங்கள் பல கிளைன்பர்க்கிலுள்ள மக்மைக்கல் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது செம்மஞ்சளை விட்டுவிட்டு, அதன் முன்னால் அவர் நிறுத்திய இருண்ட மரங்களையும் குளிர்ந்த நீரையும் கவனியுங்கள். பயணத்துக்கு முன் அங்கே செலவிடும் ஒரு மதியம் புதிய லென்ஸ் ஒன்றைவிட அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

ஆட்களை எடுப்பதானால் உடையிலிருந்து தொடங்க வேண்டும். அரக்குக் கூறைச் சேலையில் மணப்பெண்ணை மேப்பிளின் முன் நிறுத்திய படங்களில் முகமும் கைகளும் மட்டும் மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். மயில்கழுத்து நீலம், கரும்பச்சை, சந்தன நிறம், வெள்ளை ஆகியவை இந்தப் பின்னணியில் எடுபடும். மரத்தை ஒட்டி நிற்கவைக்காமல் நாலைந்து மீற்றர் முன்னால் நிறுத்தி, எஃப்/2.8 அளவில் எடுத்தால் பின்னணி நிறமாகக் கரையும். மஞ்சள் இலைக்கூரையின் நேர் கீழே நின்றால் அந்த மஞ்சள் முகத்தில் படியும். திறந்த வானமோ ஏரியோ முகத்துக்கு எதிரே இருக்குமாறு நிறுத்துங்கள். நெடுஞ்சாலையின் நடுவே குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, அங்கு விரைந்து வரும் லொறிகளே சொல்லும்.

திருத்துதல்

லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் அல்லது ரோதெரபி, கைத்தொலைபேசியில் ஸ்னாப்சீட் என எதில் திருத்தினாலும் வரிசை ஒன்றே: முதலில் வெண்சமநிலை, அடுத்து ஒளியும் நிழலும், இறுதியிலேயே நிறம். பெரும்பாலோர் முதலில் நிறச்செறிவைக் கூட்டும் சற்றுரேஷன் பட்டையைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். அது ஏற்கெனவே நிறைந்திருக்கும் சிவப்பை மேலும் தள்ளி, படமெடுக்கும்போது நாம் பாடுபட்டுக் காத்த நரம்புகளை அழித்துவிடும்.

வெண்சமநிலையில் வெயில் படத்துக்கு 5500, மேகமூட்டத்துக்கு 6000 முதல் 6500 கெல்வின் வரை தொடக்கமாகக் கொள்ளலாம். படம் முழுவதையும் சூடாக்கும் ஆசையை அடக்குங்கள்: நிழலில் இருக்கும் மெல்லிய நீலமே இலையின் செம்மஞ்சளைத் தூக்கிக் காட்டுகிறது, அதையும் மஞ்சளாக்கிவிட்டால் எல்லாம் தேநீர்க் கறை படிந்தது போலாகிவிடும். பனிமூட்டப் படங்களை இன்னும் சற்றுக் குளிராகவே விட்டுவிடலாம். பிறகு வெளிச்சமான பகுதிகளுக்கான ஹைலைட்ஸைக் குறைத்து இலைகளின் விவரத்தை மீட்டு, மிக இருண்ட பகுதிகளுக்கான பிளாக்ஸைச் சிறிது இறக்கி அடிமரங்களைக் கறுக்க வையுங்கள். நிறத்தைத் தொடாமலே நிறம் கூடியது போல் தோன்றுவதை இந்த இடத்தில் காண்பீர்கள். பெரும்பாலான படங்களுக்கு இதற்கு மேல் அதிகம் தேவைப்படுவதில்லை.

தேவைப்பட்டால் நிறங்களைத் தனித்தனியே கையாளும் எச்எஸ்எல் பலகைக்குச் செல்லுங்கள். நான் முதலில் செய்வது பச்சையின் செறிவை 15 அல்லது 20 குறைப்பது. புல்லும் பாசியும் அடங்கிப்போனால் மேப்பிள் தானாக முன்னே வரும். மஞ்சள் எலுமிச்சை போலத் தெரிந்தால் அதன் சாயலைச் செம்மஞ்சள் பக்கம் 5 முதல் 10 வரை நகர்த்தலாம். சில கமராக்களில் சிவப்பு ரோஜா நிறத்தை நோக்கிச் சாயும். அதையும் செம்மஞ்சள் பக்கம் மிகச் சிறிது தள்ளலாம். இலைகள் ஒளிர வேண்டுமெனில் செம்மஞ்சளின் செறிவைத் தொடாமல் அதன் வெளிச்சத்தை உயர்த்துங்கள். உள்ளே விளக்கேற்றியது போன்ற தோற்றம் கிடைக்கும். பொதுவாக முழுப் படத்துக்கும் கூட்ட வேண்டுமென்றால் வைப்ரன்ஸ் 10 முதல் 20 வரை போதும், ஏனெனில் அது மங்கிய நிறங்களையே அதிகம் தொடுகிறது. பச்சை மரத்தைச் செம்மஞ்சளாக்கும் வித்தை எல்லா மென்பொருளிலும் உண்டு. நிழலில் பச்சையும் விளிம்பில் செம்மஞ்சளுமாக அது எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். என்னளவில் அது படமெடுப்பதும் ஆகாது.

இங்கே நம்மவர்களின் படங்களுக்கென ஓர் எச்சரிக்கை. மாநிறமும் கருநிறமும் மென்பொருளின் கணக்கில் செம்மஞ்சள் பட்டையிலேயே அடங்குகின்றன. அதாவது மேப்பிள் இலையும் உங்கள் மாமியின் கன்னமும் ஒரே பட்டைக்குள் இருக்கின்றன. இலைக்காகச் செம்மஞ்சளைக் கூட்டினால் முகம் செங்கல்லாகும். முகத்துக்காகக் குறைத்தால் மரம் வாடும். ஒரு முறை அக்காவின் குடும்பப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை இட்டு அனுப்பிவிட்டு, வெயிலில் நெடுநேரம் நின்றீர்களா என்று உறவினர்கள் கேட்கும் நிலைக்கு அவர்களை ஆளாக்கினேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் வசதி இருந்தால் அவர்களை முதலில் பிரித்து, நிற மாற்றங்களைப் பின்னணிக்கு மட்டும் செய்யுங்கள். ஸ்னாப்சீட்டில் செலக்டிவ் கருவியை முகத்தில் வைத்துச் செறிவைக் குறைக்கலாம். முகத்தை வெளுக்க வைக்கும் தானியங்கித் திருத்தங்களைத் தவிர்த்து, நிழலை மட்டும் சற்று உயர்த்தினால் கருந்தோல் தன் ஆழத்தோடு தெரியும்.

விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி, டெக்ஸ்சர் போன்றவற்றை இந்தப் பருவத்தில் மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். ஆயிரம் இலைகளுள்ள படத்தில் ஏற்கெனவே ஆயிரம் விளிம்புகள் இருக்கின்றன. அவற்றைக் கூர்மையாக்கினால் மணல் தூவியது போலாகும். பனிமூட்டப் படத்தில், மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் பட்டையை வலப்பக்கம் நகர்த்துவது, அதிகாலையில் எழுந்து போய் எடுத்த மூட்டத்தை நாமே துடைத்தெறிவதாகும்.

ஒரே அமர்வில் முடித்துவிடாதீர்கள். நிறத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் கண் அதற்குப் பழகி இன்னும் வேண்டும் என்று கேட்கும். மறுநாள் காலையில் திறந்து பார்த்து, மிகையாகத் தோன்றினால் நிற மாற்றங்கள் அனைத்தையும் பாதியாகக் குறையுங்கள். இணையத்தில் பகிர்வதற்குப் பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியில் ஏற்றுமதி செய்து, ஒரு கைத்தொலைபேசியில் திறந்து சிவப்புப் பகுதிகளில் நரம்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அச்சிடுவதானால் படத்தைச் சற்று வெளிச்சமாக்கிக் கொடுங்கள், திரையைவிடத் தாள் இருண்டே வரும். மூலக் கோப்புகளை இடத்தின் பெயரும் எடுத்த நாளும் கொண்ட உறைகளில் சேமித்து, அன்றைக்கு மரங்கள் எந்த நிலையில் இருந்தன என்று ஒரு வரியும் எழுதி வைப்பேன். அடுத்த செப்டெம்பரில் வேலையிடத்தில் விடுப்புக் கேட்கும் நாளை நான் முடிவு செய்வது பூங்காவின் அறிக்கையையும் இந்த உறைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.